கிணத்துக்கடவும் சொல்நித்திய வாதமும்

கோயம்புத்தூரினின்றும் தெற்கே பொள்ளாச்சிக்குச் செல்லும் பெருவழியிலே, பொன்மலை வேலாயுதசுவாமி திருக்கோயிலைத் தன்னகத்துக் கொண்டு விளங்கும் ஊர் கிணத்துக்கடவு என்பது. இப்பெயர் கிணறு, கடவு என்னும் இரு சொற்களின் கூட்டம். கிணறு வெளிப்படை. கடவு என்பது வழி. ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குக் கடந்து செல்லும் வாயில். மலையாளத்தார் ஆற்றைக் கடக்கும் துறையைக் கடவு என்பர். கடத்தல் என்னும் வினையடியே இவையெல்லாவற்றுக்கும் முதல். எனவே கிணற்றை அடுத்த வழி, அல்லது கிணற்றுக்குச் செல்லும் வழி என்பது இப்பெயரின் பொருளாதல் எளிதிற் போதரும். கடவுள் என்னும் சொல்லோடு ஒலியொப்புமை இருத்தல்பற்றி இதற்குத் தெய்வக்கதை ஒன்று கட்டவேண்டுவதில்லை. வேலாயுதப் பெருமான் வீற்றிருக்கும் ஊர்க்குப் பெருமை பெயராராய்ச்சியால் வரவேண்டுவதன்று.

இனி, இப்பெயரைப்பற்றிச் செந்தமிழ்ப் பயிற்சியுடையார் ஒருசாரார் நிகழ்த்தும் தடை ஒன்றுண்டு. கிணறு என்பது வேற்றுமைப் புணர்ச்சியில் கிணற்று என நிற்குமன்றிக் கிணத்து என நில்லாது. ஆகவே கிணற்றுக்கடவு என்பதே சொல். கிணத்துக்கடவு என்பது கல்லாதார் நாவிற் சிதைந்த வழூஉச்சொல். அதனை ஊர்ப்பலகையிலும் அரசாங்க ஏட்டிலும் பொறித்தல் தமிழன்னைக்குச் செய்யும் இழுக்கு என்பர் அவர். சைவருள்ளும் சிலர் இதற்கு மேலும் ஒருபடி சென்று, தமிழ் இறைவனது உடுக்கையினின்று தோன்றிய மொழியாகலின் அதற்குத் திரிபு என்பது இல்லை. திரிந்தது யாதோ அது தமிழன்று என்று வாதிப்பர். முன்னது இலக்கணத்தின்பாற்பட்ட தடை, பின்னது தத்துவத்தின்பாற்பட்டது. பின்னதே பெரிது. என்னை? அது சித்தாந்தத்தின் பெயரால் சித்தாந்தத்துக்கு மாறாகிய கொள்கையொன்றை உள்ளே புகுத்துகின்றது ஆகலின் என்க. இரண்டையும் முறையே ஆராய்தல் தகும்.

தொல்காப்பியனார் பிறப்பியலில் எழுத்துக்களின் பிறப்பிடத்தை வகுக்குமிடத்து, றகர னகரங்களை ஒருங்கு வைத்து, நாவின் நுனி மேல்நோக்கிச் சென்று அண்ணத்தை ஒற்றுதலால் அவை பிறக்கும் என்றார். ரகர ழகரங்களை வேறு பிரித்து, அவை நுனிநா அண்ணத்தை வருடுதலாற் பிறக்கும் என்றார். ஒற்றுதல் வேறு, வருடுதல் வேறு. ஒற்றுதலாவது மூச்சினை முற்றும் தடுத்து விடுதல். ககரம் முதலிய வல்லெழுத்தெல்லாம் அங்ஙனம் பிறப்பனவே. றகரம் வல்லினத்தில் வைத்து எண்ணப்பட்டதற்கும் காரணம் இதுவே. இக்காலத்துத் தமிழ்ப்புலவர் கிணற்று என்னும் சொல்லை எங்ஙனம் ஒலிக்கின்றனர்? முதலில் ஒரு டகரச் சாயலையும் அடுத்து நடுங்குகின்ற ஒரு ரகரத்தையும் சேர்த்து ஒலிக்கின்றனர். ஒற்றுதலும் நடுக்கமும் கலந்த இவ்வொலி தொல்காப்பியனார் வகுத்த ஒற்றெழுத்தின் இரட்டிப்பு அன்று. எனவே, கிணத்து என்பவன் பழைய ஒலியினின்று ஒருபுறம் விலகினான்; கிணற்று என ஏட்டில் எழுதிப் படிக்கும் புலவர் மற்றொருபுறம் விலகினார். விலகாதவர் இருவருள் ஒருவரும் இலர். ஒருவர் மற்றொருவரைக் கொச்சை என இகழ்தற்கு இடம் யாண்டையது?

அற்றேல், பழைய ஒலி எங்கும் வழங்காது ஒழிந்ததோ எனின், ஒழிந்திலது. கிணத்துக்கடவினின்று மேற்கே பாலக்காட்டுக் கணவாயுட் புகுந்தால் மலையாளம் வழங்கும் நிலம் வந்துவிடுகின்றது. அங்குள்ளார் கிணற்றில் என்பதனை எழுதுங்காலும் றகரமிரட்டித்தே எழுதுவர். ஒலிக்குங்காலும் நாநுனியை மேல்வாயிற் பல்லின் ஈறுக்குப் பின்னே ஒற்றி, நடுக்கமின்றி, தூய வல்லொலியாகவே ஒலிப்பர். தமிழிலக்கணம் கூறும் ஒலி தமிழ்நாட்டாரினும் அவர்வாய் நன்கு நிலைபெற்றுள்ளது. நீலகிரியில் வாழும் தோடர், கோத்தர் ஆகியோர் மொழிகளிலும் பல்லொலியும் நாமடியொலியும் ஆகாத இவ்விடைப்பட்ட வல்லொலி இன்றும் உண்டு. அம்மலையிலே 1930களில் தங்கி அம்மொழிகளை ஆராய்ந்த எமனோ என்னும் அமெரிக்கப் பேராசிரியர், பின்னர்ப் பரோ என்பாருடன் கூடித் திராவிடச் சொற்பிறப்பகராதியை 1961ஆம் ஆண்டு வெளியிட்டார். அந்நூலைத் திருப்புவோர்க்கு இவ்வொலியின் வரலாறு சொல்தோறும் புலனாகும்.

சைவர்க்கு நெருங்கிய சொல்லொன்றை எடுத்துக்கொள்க. திருவாரூர்ப் பெருமானுக்குப் புற்றிடங்கொண்டார் என்பது திருநாமம். புற்று என்பது தமிழ். மலையாளத்திலும் புற்று என்பதே, ஆயின் மேற்கூறிய தூய வல்லொலியுடன். கன்னடத்தில் அது புத்த என நின்று, பின்னர்ச் சொன்முதற் பகரம் ஹகரமாகத் திரிந்தமையின் ஹுத்த என்றாயிற்று. தெலுங்கில் புட்ட என்பர். தமிழ்நாட்டு உழவன் புத்து என்கின்றான். நடுவிடத்தில் நின்ற ஒரு வல்லொலி, ஒரு நாட்டில் முன்னோக்கிப் பல்லை அடைந்தது. மற்றொரு நாட்டில் பின்னோக்கி அண்ணத்தில் மடிந்தது. வேறொரு நாட்டில் நின்றவிடத்தே நின்றது. இம்மூன்றில் எதனைச் சிதைவு என்பது? கன்னடர் புத்த என்றபோது அது அம்மொழியின் இயல்பு எனப்படுகின்றது. கொங்குவேளாளன் புத்து என்றால் அது கல்லாமை எனப்படுகின்றது. இதனினும் நடுவுநிலை பிறழ்ந்த தீர்ப்பு இல்லை.

சிற்றூர் என்னும் பெயரும் இவ்வாறே. பாலக்காட்டைச் சார்ந்த சிற்றூரை மலையாளத்தார் றகரமிட்டு எழுதுகின்றனர். அவ்வூரைக் கொங்குநாட்டார் சித்தூர் என்கின்றனர். ஆந்திரநாட்டில் மாவட்டத் தலைநகராயுள்ள சித்தூர் தகரமிட்டே தெலுங்கிலும் எழுதப்படுகின்றது. சேலத்தைச் சார்ந்த ஆத்தூர் ஆற்றூரே ஆதல் வெளிப்படை.

இத்திரிபு மனம்போனவாறு நிகழ்வதன்று என்பதே ஈண்டு நன்கு உணரத்தக்கது. காற்று காத்தாயிற்று, நேற்று நேத்தாயிற்று, பெற்ற என்பது பெத்த என்றாயிற்று, நெற்றி நெத்தியாயிற்று. றகர இரட்டிப்பு வந்த தமிழ்ச்சொல் எதுவாயினும் பேச்சுவழக்கில் இவ்வழியே சென்றுளது. கல்லாதார் நாவின் சோம்பலால் நேர்ந்த சிதைவாயின், ஒருவன் ஒருவகையாகவும் மற்றொருவன் மற்றொரு வகையாகவும் சிதைத்திருப்பன். ஆயிரம் ஊரில் ஆயிரம் பேர் ஒரே வழியில் நடப்பாராயின் அது வழுவன்று, விதியேயாம்.

இவ்விதிகளுள் முந்தியது எது பிந்தியது எது என்பதனையும் பேச்சுவழக்கே காட்டவல்லது. இகர ஐகாரங்களின் பின் வரும் தகர இரட்டிப்பு வினைச்சொற்களிற் சகரமாதல் பேச்சிற் காணப்படும்: படித்து என்பது படிச்சு, சிரித்து என்பது சிரிச்சு, வைத்து என்பது வச்சு. ஆயின் விற்று என்பது வித்து என நிற்குமன்றி விச்சு என ஆவதில்லை. சிற்றப்பன் சித்தப்பன் ஆனானன்றிச் சிச்சப்பன் ஆயினானல்லன். இகரத்தின் பின் தகர இரட்டிப்பு இருந்தும் இவை சகரமாகாமைக்குக் காரணம் என்னை? தகரம் சகரமாதல் நிகழ்ந்த காலத்து இச்சொற்களில் தகரம் இல்லை. பழைய றகர ஒலியே இருந்தது. அவ்விதி தன் தொழிலை முடித்துச் சென்றபின்னரே றகரம் தகரமாயிற்று. ஆகலின் இவற்றைத் தொட அவ்விதிக்கு ஆற்றலில்லையாயிற்று. நாள்தோறும் வீட்டில் விளிக்கும் சித்தப்பா என்னும் முறைப்பெயரில் இரண்டு திரிபுகளின் கால முறை மறைந்து கிடக்கின்றது. கல்வெட்டும் ஏட்டுச்சுவடியும் கூறாத வரலாற்றை இது கூறுகின்றது. இத்தகைய சான்றினைக் கொச்சை என்று எறிந்துவிடுதல் பொற்காசைச் செம்பென்று எறிதல்போலும்.

கல்வெட்டுச் சான்றும் கொங்குநாட்டில் இல்லாமலில்லை. கரூரை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலைமேல், சமண முனிவர்க்கு உறையுள் அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்கள் உள. சேரமன்னர் பெயர் பயிலும் அவை கிறித்துவுக்குப் பின் முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அம்முனிவர் யாற்றூரைச் சேர்ந்தவர் என்று அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வூர் இன்ன ஊர் என்பது ஈண்டு வேண்டா, சொல்வடிவே வேண்டுவது. யாறு என்பதே பழைய வடிவு என்பதும், அது முதல் யகரத்தை இழந்து ஆறு என்றாயிற்று என்பதும் இதனாற் பெறப்படும். யாற்றூர், ஆற்றூர், ஆத்தூர் என மூன்று படிகளையும் தமிழ்நாட்டிலேயே காணலாம். யாண்டு ஆண்டாயிற்று, யாடு ஆடாயிற்று, யாமை ஆமையாயிற்று. இப் பழைய யாகாரம் தெலுங்கில் ஏகாரமாக நிற்கும்: யாறு அங்கே ஏறு, யாண்டு ஏடு, யானை ஏனுகு. திருவையாறு என்னும் தலப்பெயரின் நடுவில் நிற்கும் யகரம் உடம்படுமெய்யோ, பழைய யாற்றின் யகரமோ என்பது சுவையுள்ள வினா. பெயரை மட்டும் நோக்கி அதனைத் துணிதல் ஒல்லாது.

யானை என்பதும் ஆனை என்பதும் இவ்வினத்தனவே. கிணத்துக்கடவுக்குத் தெற்கே மேகந்தவழ நிற்கும் மலைக்கு ஆனைமலை என்று பெயர். யானைமலை என்பார் அங்கு இலர். இஃது ஊரார் வழக்கு என விடுக்க. திருவானைக்கா எத்தகைய பெயர்? சமயகுரவர் தம் திருப்பதிகங்களில் அத்தலத்தை ஆனைக்கா என்றே பாடியருளினர். அவர் காலத்துப் பழைய இலக்கிய வடிவு யானை என்பதாகவும், யகரமிழந்த வடிவினை விலக்காது திருவாக்கில் ஏற்றனர். பழைய வடிவே தமிழ், திரிந்த வடிவு தமிழன்று என்பாரை நோக்கி, ஆனைக்கா எனப் பாடிய திருவாக்கு எவ்வினத்தது என்று வினவின், அவர் என் சொல்வர்? பவணந்தியார் கொங்குநாட்டுச் சனகாபுரத்தவர் என்பர். அவர் நன்னூலின் சொல்லதிகார முடிவிலே பழையன நீங்குதலையும் புதியன புகுதலையும் காலவகையால் வரும் இயல்பு எனக் கொண்டு, குற்றமன்று என்று விதித்தார். இலக்கணம் கற்றார் இவ்விதியை மனப்பாடம் செய்திருப்பர்; தம் காலத்தில் ஒன்று புதிதாகப் புகுங்கால் மட்டும் அதனை மறந்துவிடுவர்.

இலக்கணத் தடை இவ்வளவில் நிற்க. தத்துவத் தடையை இனி நோக்குக. தமிழ் தெய்வமொழி, ஆகலின் நித்தியம், ஆகலின் திரிபில்லது என்பது அவ்வாதம். இதில் நித்தியம் என்னும் உறுப்பு எங்கிருந்து வந்தது என ஆராயவேண்டும். சொல்லும் பொருளோடு அதற்குள்ள தொடர்பும் அநாதி நித்தியம் என்பது மீமாஞ்சகர் கொள்கை. சொல்லே பிரமம், அதுவே உலகாய் விரிந்தது என்பது சத்தப்பிரமவாதியின் கொள்கை. இவ்விருவரும் சித்தாந்தத்துக்குப் புறத்தே நிற்பவர். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் பட்டாசாரியனையும் பிரபாகரனையும் சத்தப்பிரமவாதியையும் தனித்தனி நிறுத்தி மறுத்துள்ளார். மறுக்கப்பட்டவர் கொள்கையைத் தமிழ்ப்பற்றின் மிகுதியால் சைவரே மேற்கொண்டு சித்தாந்தம் என்று பேசுதல் வியப்பினும் வியப்பு. பரபக்கம் படிப்பார் குறைந்தமையின் வந்த கேடு இது.

சித்தாந்தம் கூறுவது யாது? வாக்கு நால்வகைத்து: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்பன. இவை சுத்தமாயையின் விருத்திகள். பைசந்தியில் எழுத்துக்கள் ஒன்றினொன்று பிரியாது, மயிலின் முட்டையிலுள்ள நீரில் தோகையின் பலநிறமும் அடங்கிக் கிடத்தல்போல அடங்கிக் கிடக்கும். மத்திமையில் அவை உள்ளத்தளவில் முறைப்பட்டு நிற்கும், செவிக்குப் புலனாகா. வைகரியிலே மூச்சுக்காற்றின் துணைகொண்டு, மிடறும் நாவும் பல்லும் இதழும் தொழிற்பட, தன் செவிக்கும் பிறர் செவிக்கும் கேட்ப வெளிப்படும். இதனைச் சித்தியார் சுபக்கத்து முதற்சூத்திரத்தில் ஆசிரியர் விளங்க வைத்துள்ளார்.

சுத்தமாயை நித்தியமாகலின் அதன் விருத்தியாகிய வாக்கும் நித்தியமாதல் வேண்டும் எனின், அது பொருந்தாது. மண் நிலைபெறினும் குடம் நிலைபெறாது. காரணம் நித்தியமாதல்பற்றிக் காரியமும் நித்தியம் எனின், உலகமனைத்தும் நித்தியமாய்விடும். ஆணென்றும் பெண்ணென்றும் அஃறிணையென்றும் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது எனச் சிவஞானபோதம் முதற்கண் நிறுவியது வீணாய் முடியும். வைகரியோ உடம்பின் உறுப்புக்களையும் பிராணவாயுவையும் சார்ந்து நிற்பது. உடம்பு திரியும், பழக்கம் திரியும், ஆகலின் வைகரியும் திரியும். யாற்று ஆற்றாதலும், கிணற்று கிணத்தாதலும் வைகரியில் நிகழும் திரிபு. சித்தாந்தத்துக்கு இதனால் ஊறு ஒன்றுமில்லை. இதனை மறுப்பார்க்கே சித்தாந்தத்தோடு முரண்பாடு நேரும்.

அங்ஙனமாயின் இறைவன் தமிழை அகத்தியனார்க்கு அருளினான் என்னும் வரலாறு பொய்யோ எனின், அன்று. காஞ்சிப்புராணத்தில் சிவஞான முனிவர், வடமொழியைப் பாணினிக்கும் தென்மொழியைக் குடமுனிவர்க்கும் இறைவன் அருளியதாகக் கூறும் இடத்தைக் கூர்ந்து நோக்குக. பாணினியும் அகத்தியனாரும் இலக்கண ஆசிரியர்கள். அவர்க்கு அருளப்பட்டது மொழியின் வகுப்பு, அதாவது இலக்கணம். பாணினி பிறந்த நாளில்தான் மக்கள் வடமொழி பேசத் தொடங்கினர் என்று எவரும் கூறார். உடுக்கையினின்று எழுந்தன எனப்படும் பதினான்கு சூத்திரங்களும் எழுத்துக்களை முறைப்படுத்தும் கோவையேயன்றிச் சொற்களல்ல. தொல்காப்பிய முதற்சூத்திரத்துக்கு விருத்தி வரைந்து, சிவஞானபோதத்துக்கு மாபாடியமும் வரைந்த முனிவர் இவ்வேறுபாட்டை உணராது பாடியிருப்பர் என்று எண்ணுதல் அவர்க்குச் செய்யும் அபசாரம்.

இனி, மொழியின் தொன்மைபற்றி எழுந்த மற்றொரு கொள்கையும் ஆராயற்பாலது. தேவநேயப் பாவாணர் 1940ஆம் ஆண்டில் ஒப்பியன் மொழிநூல் இயற்றியதுமுதல், தமிழே திராவிட மொழிகட்குத் தாய், ஆரிய மொழிகட்கும் மூலம் என்று நிலைநாட்ட முயன்றார். 1966இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலிலும் இதனையே விரித்தார். சொற்களைத் திரட்டுவதில் அவருக்கிருந்த உழைப்பும், உழவர் கைவினைஞர் வழக்கைப் புலவர் பொருட்படுத்தாத காலத்து அவர் பொருட்படுத்திய பெற்றியும் போற்றத்தக்கன. ஆயின் அவர் கொண்ட அளவை போதியதன்று. ஒரு மொழிக்கு மற்றொன்று தாய் என்று கூறவேண்டின், தாயென்பதிலுள்ள வடிவே எங்கும் பழையதாயும் மகளென்பதிலுள்ள வடிவு அதினின்று திரிந்ததாயும் இருத்தல் வேண்டும். தமிழில் செவி என்பது கன்னடத்தில் கிவி. தமிழில் செய் என்பது பழங்கன்னடத்தில் கெய். தமிழில் நீரைத் தடுத்துத் தேக்கும் சிறை என்பது கன்னடத்தில் ஏரியைக் குறிக்கும் கெரெ. தமிழிற் செம்மை, கன்னடத்திற் கெம்பு. நகைக்கடையில் செந்நிறக் கல்லைத் தமிழரும் கெம்பு என்பது அங்கிருந்து வந்த வழக்கே. இவற்றில் ககரமே பழையது. இகர எகரங்களின்முன் நின்ற ககரம் தமிழிற் சகரமாயிற்று. ஈண்டுப் பழைமையைக் காத்தது கன்னடம், திரிந்தது தமிழ். றகரத்தின்கண் மலையாளம் பழைமையைக் காத்ததும் மேலே காட்டப்பட்டது. எனவே தமிழ் இவற்றுக்குத் தாயன்று. இலக்கியத்தாலும் கல்வெட்டாலும் மூத்த தமக்கை. மூல மொழியொன்று இவையெல்லாவற்றுக்கும் முன்னே இருந்து மறைந்தது. சென்னையிலிருந்த எல்லிசு 1816இல் தெலுங்கு வடமொழியினின்று பிறந்ததன்று என்று காட்டித் தொடங்கிவைத்ததும், கால்டுவெல் 1856இல் விரித்ததும் இவ்வுண்மையே. தமக்கை என்பதால் தமிழின் பெருமை ஒருதினையளவும் குறையாது. திருமுறை தமிழில் எழுந்தது என்னும் ஒன்றே சைவர்க்கு அமையும். அதற்குமேல் உலகமொழிகளின் தாய் என்னும் பட்டம் எதற்கு?

மூல மொழிக்கும் முன்னே, மாந்தர் முதன்முதல் மொழிந்தது எவ்வாறு? உயிரினங்களின் ஒலியைப் போலச்செய்து தொடங்கினர் என்பர் சிலர். இன்பதுன்பங்களில் எழும் ஒலிக்குறிப்பிற் பிறந்தது என்பர் சிலர். மாக்சு முல்லர் 1861இல் இக்கொள்கைகட்கு நகைச்சுவைப் பெயரிட்டு எள்ளினார். பாரிசு நகரத்து மொழிநூற் கழகத்தார் 1866இல் தம் விதிகளில், மொழித்தோற்றம்பற்றிய கட்டுரை எதனையும் ஏலோம் என்றே எழுதிவைத்தனர். அவர்க்கு இருந்த சலிப்பு காரணமற்றதன்று. மாந்தரினத்தின் பழைய எலும்புகள் மொராக்கோ நாட்டில் சற்றேறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டனவாகக் கிடைத்தமை 2017இல் வெளியாயிற்று; எழுத்தோ ஐயாயிரம் ஆண்டினும் மிகப் பழையதன்று. வாயொலி எலும்பாகி மண்ணிற் கிடப்பதன்று. ஒலிவிதிகளைக்கொண்டு பின்னோக்கிச் செல்வதும் சில்லாயிரம் ஆண்டளவில் நின்றுவிடுகின்றது.

ஆயினும் ஒன்று அறியப்பட்டுளது. பேச்சுக் கேளாது வளர்க்கப்படும் குழவி தானே எம்மொழியைப் பேசும் என்று காண எகிப்து வேந்தன் ஒருவன் சோதித்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசு எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் அக்பர் பாதுசாவும் பேசாத செவிலியரிடையே குழவிகளை வளர்ப்பித்தார். அவை எம்மொழியும் பேசாது ஊமைகளாய் வளர்ந்தன. கொடிய சோதனை; அதன் முடிவு வேறாதற்கும் இல்லை. காட்டக் காண்பதும் அறிவிக்க அறிவதும் உயிரின் இயல்பு என்றும், அது சார்ந்ததன் வண்ணமாம் என்றும் சித்தாந்தம் கூறும். சிவஞானபோத எட்டாஞ் சூத்திரம் அரசகுமாரன் வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உவமையை உள்ளடக்கியது. அக்குமாரன் பேசியதும் வேடர்மொழியேயாதல் வேண்டும். நடு அமெரிக்காவிலுள்ள நிகராகுவா நாட்டில் 1970களின் இறுதியில் செவிப்புலனற்ற சிறார்க்குப் பள்ளி திறந்து அவரை ஓரிடத்துக் கூட்டியபோது, ஆசிரியர் கற்பியாமலே அவர் கைச்சைகைகளால் முழுமொழி ஒன்றை ஒருதலைமுறைக்குள் ஆக்கிக்கொண்டனர். தனித்தனி வீட்டில் இருந்தவரை அவர்க்கு மொழியில்லை, கூடியபின் உண்டாயிற்று. ஒலியே இன்றி மொழி அமையும் என்பது இதனாற் பெறப்படுகின்றது. மத்திமைக்கு வைகரி இன்றியமையாததன்று என்னும் கொள்கையோடு இஃது இயைவதாகத் தோன்றினும், மேனாட்டார் கண்டதெல்லாம் சித்தியாரில் முன்னமே உளது என்று பறைசாற்றுதல் இக்காலத்து மிகுந்துவரும் ஒரு நோய். சாத்திரம் உயிரின் கட்டையும் வீட்டையும் கூற எழுந்தது. சைகைமொழியின் வரலாறு கூற எழுந்ததன்று. முரண்படவில்லை என்பது போதும்.

இத்துணையும் கூறியதனால், பேச்சுத் திரிபெல்லாம் திருமுறை ஓதுமிடத்தும் புகலாம் என்பது கருத்தன்று. பதிகங்களில் றகர இரட்டிப்புக்கு எதுகையாக றகர இரட்டிப்பே நிற்கும், தகரம் நில்லாது. புற்று என்பதனைப் புத்து என ஓதின் தொடை கெடும், பண்ணும் தடுமாறும். ஓதுவார் அங்கே அருளாசிரியர் காலத்து ஒலிக்கு இயன்றவரை அணுக நிற்றலே முறை. ஆனால் அதே ஓதுவார் கோயிலைவிட்டு வெளியே வந்து, கிணத்துக்கடவுப் பேருந்து எத்தனை மணிக்கு என்று வினவும் அடியவரை நோக்கிக் கிணற்று என்று சொல் எனத் திருத்தப் புகுவாராயின், அவர் கோயம்புத்தூர் என்பதனையும் திருத்தல் வேண்டும். கோவன்புத்தூர் என்பதே அதன் பழம்பெயர் என்பர். நோன்பு கொங்குநாட்டில் நோம்பி ஆனதுபோல அங்கும் னகரம் பகரத்தின்முன் மகரமாயிற்று. 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழொலிக்கு ஏற்ப மாற்றி 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழக அரசு வெளியிட்ட ஆணை, சின்னாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயரை ஆணையால் திருத்துதல் அத்துணை எளிதன்று.

ஒலித்திரிபினும் சைவர் விழிப்பாயிருக்க வேண்டியது பொருட்டிரிபில். நாற்றம் என்பது திருமுறைகளில் நறுமணம். மலரின் நாற்றம், திருமேனியின் நாற்றம் என்றெல்லாம் அது உயர்ந்த பொருளில் வரும். இன்று தமிழ்ப்பேச்சில் நாத்தம் என்றால் தீநாற்றம். மலையாளத்திலும் அச்சொல் அப்பொருளையே அடைந்துவிட்டது. ஒலி மாறிய சொல்லை ஊரார் எளிதில் இனங்கண்டு கொள்வர். ஒலி மாறாது பொருள் மட்டும் மாறிய சொல், தெரிந்த முகத்தோடு வந்து ஏமாற்றிச் செல்லும். திருமுறை வகுப்பில் இளஞ்சிறார் முதன்முறை நாறும் என்னும் சொல்லைக் கண்டு வாய்பொத்திச் சிரிக்கும்போது, அவர்க்கு முதலிற் சொல்லிக்கொடுக்க வேண்டுவது மொழி திரியும் என்பதே. திரியாது என்று கற்பித்த ஆசிரியரால் அச்சிரிப்புக்கு விடை கூற இயலாது.